படகெலும்பு முறிவு

படகெலும்பு முறிவு என்பது மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக அமைந்துள்ள படகெலும்பு என்னும் சிறிய எலும்பில் ஏற்படும் முறிவு ஆகும். மணிக்கட்டைச் சேர்ந்த எட்டுச் சிற்றெலும்புகளில் மிகுதியாக முறிவது இவ்வெலும்பே. பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றி விழும்போது இம்முறிவு ஏற்படுகிறது. 15 முதல் 30 வயது வரையுள்ள ஆண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இம்முறிவு மருத்துவத்தில் தனிக் கவனம் பெறுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அடிபட்ட அன்று எடுக்கப்படும் ஊடுகதிர்ப் படத்தில் (எக்ஸ்-ரே) முறிவு தெரியாமல் போகலாம். இரண்டாவது, இவ்வெலும்புக்குக் குருதி செல்லும் வழி வழக்கத்துக்கு மாறானது. எனவே கவனிக்கப்படாத முறிவு கூடாமலே நின்றுவிடக் கூடும். வெறும் சுளுக்கு என்று கருதி விடப்பட்ட ஒரு முறிவு, பல ஆண்டுகளுக்குப் பின்னர், உழைக்கும் வயதில் உள்ள ஒருவரின் மணிக்கட்டை மூட்டழற்சியால் முடக்கிவிடலாம். இதனால் இம்முறிவை விரைவில் கண்டறியும் படிம முறைகளைப் பற்றியும், எந்த முறிவுக்கு அறுவைச் சிகிச்சை தேவை என்பதைப் பற்றியும் பல ஆய்வுகள் நடந்துள்ளன.

பெயர்

படகு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவ்வெலும்புக்கு 'இசுக்காபாய்டு' என்னும் ஆங்கிலப் பெயர் வந்தது. தமிழில் படகெலும்பு என்பது இதன் நேர்ப் பெயராகும். பழைய மருத்துவ நூல்களில் இது 'நாவிக்குலர்' என்றும் குறிப்பிடப்பட்டது. பாதத்திலும் அதே பெயருடைய எலும்பு ஒன்று இருப்பதால், குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு அப்பெயர் கையெலும்புக்கு இப்போது பெரும்பாலும் வழங்கப்படுவதில்லை.

உடற்கூறியல்

அமைவிடம்

மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் இரண்டு வரிசைகளில் அமைந்துள்ளன.

- அண்மை வரிசை (முன்கைக்கு அருகில் உள்ளது): படகெலும்பு, பிறையெலும்பு, முப்பட்டை எலும்பு, பட்டாணி எலும்பு
- சேய்மை வரிசை (விரல்களுக்கு அருகில் உள்ளது): சரிவக எலும்பு, நாற்புறவுரு எலும்பு, தலையுரு எலும்பு, கொக்கி எலும்பு

அண்மை வரிசையில் மிகப் பெரியது படகெலும்பு ஆகும். இது அண்மை வரிசையைச் சேர்ந்தது எனினும், சாய்ந்த நிலையில் நீண்டு சேய்மை வரிசை வரை செல்கிறது. இதனால் இரு வரிசைகளையும் இணைக்கும் கோல் போல இது செயற்படுகிறது. மணிக்கட்டை மடக்கும்போதும் நீட்டும்போதும் இரு வரிசைகளும் ஒத்திசைந்து அசைவதற்கு இவ்வெலும்பு முழுமையாக இருத்தல் வேண்டும். அது நடுவில் முறிந்தால் இரு வரிசைகளுக்கும் இடையிலான பிணைப்பு அறுந்து, மணிக்கட்டின் அசைவு ஒழுங்கு குலைகிறது.

படகெலும்பை மூன்று பகுதிகளாகப் பிரித்து விளக்குவது வழக்கம். முன்கையின் ஆரை எலும்பைத் தொட்டு நிற்பது அண்மை முனை எனவும், பெருவிரலை நோக்கியிருப்பது சேய்மை முனை எனவும், இவற்றுக்கு இடையே குறுகியிருப்பது இடைப்பகுதி எனவும் அழைக்கப்படும். சேய்மை முனையில் உள்ளங்கைப் பக்கமாக ஒரு புடைப்பு உள்ளது. மணிக்கட்டின் மடிப்புக் கோட்டில், பெருவிரலின் அடியில், இப்புடைப்பை விரலால் தொட்டு உணரலாம்.

குருதி வழங்கல்

படகெலும்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குருத்தெலும்பால் மூடப்பட்டுள்ளது. சுற்றியுள்ள எலும்புகளோடு இது மூட்டுகளை அமைப்பதே இதற்குக் காரணம். குருத்தெலும்பின் ஊடாகக் குருதிக் குழாய்கள் நுழைவதில்லை. எஞ்சிய சிறு பரப்பின் வழியாகவே அவை எலும்புக்குள் செல்ல வேண்டும்.

1980 ஆம் ஆண்டில் கெல்பர்மன், மேனன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இக்குருதி வழங்கலைத் தெளிவாக்கியது. ஆரைத் தமனியின் கிளைகள் இடைப்பகுதிக்கு அருகில் புறங்கைப் பக்கமாக நுழைந்து, பின்னோக்கித் திரும்பி அண்மை முனைக்குச் செல்கின்றன. எலும்பின் உள்ளே பாயும் குருதியில் 70 முதல் 80 விழுக்காடு இவ்வழியே வருகிறது. உள்ளங்கைப் பக்கமாக நுழையும் வேறு கிளைகள் சேய்மை முனைக்கு மட்டும் குருதி வழங்குகின்றன.

அண்மை முனைக்குக் குருதி செல்லும் வழி ஏறக்குறைய ஒன்றே. அது இடைப்பகுதியைக் கடந்து செல்கிறது. இடைப்பகுதியிலோ அதற்கு அப்பாலோ முறிவு ஏற்பட்டால் அந்த வழி அறுபடலாம். அப்போது அண்மைத் துண்டு குருதியின்றி மடியத் தொடங்கும். இது குருதியற்ற எலும்பு நசிவு எனப்படுகிறது. முறிவு அண்மை முனைக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ, அவ்வளவுக்கு இந்த இடர் அதிகம்.

இன்னொரு குறையும் உண்டு. கை, கால் நீள எலும்புகள் முறியும்போது வெளிச்சவ்விலிருந்து புதிய எலும்பு வளர்ந்து முறிவைச் சுற்றிப் பட்டை போலக் கட்டும். படகெலும்பின் பெரும்பகுதியில் அத்தகைய சவ்வு இல்லை. முறிவின் இரு முகங்களும் நேராக ஒன்றோடொன்று ஒட்டியே கூட வேண்டும். ஆகவே அவை அசையாமலும் இடைவெளி இன்றியும் இருப்பது இன்றியமையாதது.

முறிவு ஏற்படும் விதம்

விழும்போது உடலைத் தாங்கக் கையை நீட்டுவது மனிதனின் இயல்பு. மணிக்கட்டு புறங்கைப் பக்கமாக மிகையாக வளைந்த நிலையில் உள்ளங்கை தரையில் மோதினால், படகெலும்பின் அண்மை முனை ஆரை எலும்புக்கும் இணைப்புநார்களுக்கும் இடையே இறுகப் பிடிபடும். சேய்மை முனையோ மேல்நோக்கித் தள்ளப்படும். இவ்விரு விசைகளுக்கும் இடையே குறுகிய இடைப்பகுதி முறிகிறது. படகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இடைப்பகுதியிலேயே நிகழ்கின்றன.

விளையாட்டின்போது விழுதல், மிதிவண்டி அல்லது மோட்டார் சைக்கிளிலிருந்து விழுதல், உயரத்திலிருந்து விழுதல் ஆகியன பொதுவான காரணங்கள். கைப்பிடியைச் சுழற்றி எந்திரத்தை இயக்கிய காலத்தில், அக்கைப்பிடி திடீரெனப் பின்னோக்கி அடித்து இம்முறிவு ஏற்பட்டதும் உண்டு.

ஒரே வகையான வீழ்ச்சி வயதுக்கு ஏற்ப வெவ்வேறு எலும்புகளை முறிக்கிறது. சிறுவர்களுக்கு ஆரை எலும்பின் வளர்ச்சித் தட்டுப் பகுதியும், முதியவர்களுக்கு எலும்புத் திண்மை குறைந்த ஆரை எலும்பின் கீழ்முனையும் முதலில் விட்டுக்கொடுக்கின்றன. ஆரை எலும்பு வலிமையாக இருக்கும் இளம் வயதில் விசை படகெலும்பைத் தாக்குகிறது. பத்து வயதுக்கு உட்பட்டோரிடம் இம்முறிவு அரிது. சிறுவர்களுக்கு ஏற்படும்போது அது பெரும்பாலும் சேய்மை முனையில் அமைந்து, மாவுக்கட்டிலேயே கூடிவிடும்.

அறிகுறிகளும் உடற்பரிசோதனையும்

பெருவிரலின் அடியில் வலி, இலேசான வீக்கம், பொருளை இறுகப் பிடிக்கும்போது வலி ஆகியன முக்கிய அறிகுறிகள். மணிக்கட்டின் வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை. வலியும் சில நாட்களில் தணிந்துவிடலாம். இதனால் பாதிக்கப்பட்டவர் இதைச் சுளுக்கு என எண்ணி மருத்துவரிடம் செல்லாமல் இருப்பதுண்டு.

பின்வரும் மூன்று சோதனைகள் பரவலாகச் செய்யப்படுகின்றன.

- மூக்குப்பொடிக் குழியில் வலி: பெருவிரலைப் பின்னோக்கி நிமிர்த்தும்போது அதன் அடியில் இரு தசைநாண்களுக்கு இடையே ஒரு சிறு பள்ளம் தோன்றும். முற்காலத்தில் மூக்குப்பொடியை இப்பள்ளத்தில் இட்டு உறிஞ்சியதால் இப்பெயர் பெற்றது. படகெலும்பு இதன் அடித்தளத்தில் உள்ளது. இங்கு அழுத்தும்போது வலித்தால் முறிவை ஐயுற வேண்டும்.
- புடைப்பில் வலி: உள்ளங்கைப் பக்கமாக உள்ள படகெலும்புப் புடைப்பை அழுத்திப் பார்த்தல்.
- பெருவிரலை அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கி அழுத்தும்போது ஏற்படும் வலி.

முறிவு உள்ளவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் இச்சோதனைகளில் வலி இருக்கும். ஆனால் வலி உள்ள அனைவருக்கும் முறிவு இருப்பதில்லை. மூன்று சோதனைகளையும் சேர்த்துச் செய்யும்போது தவறான ஐயங்கள் குறைகின்றன. இருப்பினும் உறுதிசெய்யப் படிமம் தேவை.

படிம முறைகள்

ஊடுகதிர்ப் படம்

முதலில் எடுக்கப்படுவது ஊடுகதிர்ப் படமே. படகெலும்பு இரு தளங்களிலும் சாய்ந்து கிடப்பதால் வழக்கமான முன்பின், பக்கவாட்டுப் படங்கள் போதா. மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தும், சாய்கோணத்திலும் கூடுதல் படங்கள் எடுக்கப்படுகின்றன. அப்படியிருந்தும் முதல் நாள் படங்களில் ஐந்தில் ஒரு முறிவு வரை தெரியாமல் போகலாம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. இடம் விலகாத மெல்லிய பிளவு, கதிர்கள் அதன் தளத்தோடு ஒருங்கே செல்லும்போது மட்டுமே கோடாகப் பதியும் என்பதே இதன் காரணம்.

இதனால் ஒரு நெடுங்கால நடைமுறை உருவானது. வலி இருந்து படம் தெளிவாக இல்லாவிடில், மாவுக்கட்டு அல்லது தாங்கி அணிவித்து, 10 முதல் 14 நாட்களுக்குப் பின் மீண்டும் படம் எடுப்பர். அதற்குள் முறிவின் விளிம்புகளில் எலும்பு சிறிது கரைவதால் கோடு தெரியக் கூடும். இந்நடைமுறையில் இரு குறைகள் உள்ளன. இரண்டாம் படத்திலும் முறிவு தெரியாமல் போகலாம். அத்துடன், கட்டு அணிவிக்கப்பட்டோரில் பெரும்பாலோருக்கு உண்மையில் முறிவு இருப்பதில்லை. அவர்கள் தேவையின்றிப் பல நாட்கள் வேலையையும் படிப்பையும் இழக்க நேர்கிறது.

கதிரியக்க எலும்பு வரைவு

டெக்னீசியம்-99எம் சேர்த்த மருந்தைக் குருதியில் செலுத்தி, எலும்பு விரைந்து புதுப்பிக்கப்படும் இடங்களைக் கண்டறியும் முறை இது. முறிவு எதையும் இது தவறவிடுவது அரிது. ஆனால் எலும்புக் காயம், மூட்டழற்சி போன்றவையும் இதில் முறிவு போலவே தெரியும்.

கணினி வெட்டுப்படம்

சி.டி. எனப்படும் இம்முறையில் எலும்பின் நுண்ணிய வெட்டுத் தோற்றங்கள் கிடைக்கின்றன. படகெலும்பின் நீள அச்சுக்கு இணையாக வெட்டுகளை அமைப்பது சிறந்தது. துண்டுகள் எவ்வளவு விலகியுள்ளன, எலும்பு கூன்போல வளைந்துள்ளதா, முறிவு கூடிவிட்டதா என்னும் கேள்விகளுக்கு இதுவே நம்பத்தக்க விடை தருகிறது. ஊடுகதிர்ப் படத்தில் கூடியதுபோலத் தோன்றும் முறிவு வெட்டுப்படத்தில் பாதியளவே கூடியிருப்பது தெரிய வரலாம்.

காந்த ஒத்ததிர்வுப் படிமம்

எம்.ஆர்.ஐ. எனப்படும் இம்முறை எலும்பு மச்சையில் ஏற்படும் நீர்க்கோப்பைக் காட்டுவதால், அடிபட்ட சில மணி நேரத்திலேயே முறிவைக் காட்டவல்லது. கதிர்வீச்சு இல்லை. இணைப்புநார்க் கிழிவு போன்ற பிற காயங்களும் தெரியும். அண்மை முனைக்குக் குருதி செல்கிறதா என்பதை மதிப்பிடவும், கடோலினியம் கலந்த மருந்துடனோ அது இன்றியோ, இது பயன்படுகிறது. எனினும் அம்மதிப்பீடு முழு உறுதியானதன்று. அறுவையின்போது எலும்பைத் துளைத்ததும் குருதி புள்ளிகளாகக் கசிகிறதா என்று பார்ப்பதே நேரடிச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

முறைகளின் ஒப்பீடு

ஊடுகதிர்ப் படத்தில் தெரியாத முறிவுகளைக் கண்டறிவது குறித்து, அதுவரை வெளிவந்த 11 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மீளாய்வு 2015 ஆம் ஆண்டில் வெளியானது. அதன் மதிப்பீடுகள் வருமாறு. உணர்திறன் என்பது முறிவு உள்ளவர்களைச் சரியாகக் கண்டுபிடிக்கும் விழுக்காடு. தெரிவுத்திறன் என்பது முறிவு இல்லாதவர்களைச் சரியாக விலக்கும் விழுக்காடு.

- கதிரியக்க எலும்பு வரைவு: உணர்திறன் 99, தெரிவுத்திறன் 86
- காந்த ஒத்ததிர்வுப் படிமம்: உணர்திறன் 88, தெரிவுத்திறன் 100
- கணினி வெட்டுப்படம்: உணர்திறன் 72, தெரிவுத்திறன் 99

இவ்வெண்களின் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஐயத்துக்குரிய 100 பேரில் 20 பேருக்கு உண்மையான முறிவு உள்ளது எனக் கொள்வோம். வெட்டுப்படம் அவர்களில் ஏறத்தாழ 6 பேரைத் தவறவிடும். காந்தப் படிமம் 2 பேரைத் தவறவிடும். எலும்பு வரைவு எவரையும் தவறவிடாது. ஆனால் முறிவே இல்லாத 11 பேருக்கு முறிவு உண்டு எனக் கூறிவிடும்.

இத்தகைய ஆய்வுகளில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. உண்மையில் முறிவு இருந்ததா என்பதை முடிவு செய்ய, ஐயத்துக்கு இடமற்ற அளவுகோல் எதுவும் இல்லை. பல ஆய்வுகள் சில வாரங்களுக்குப் பின் எடுத்த ஊடுகதிர்ப் படத்தையே அளவுகோலாகக் கொண்டன. அதுவும் தவறக் கூடியதே.

இங்கிலாந்தின் நைசு அமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டி, முறையான உடற்பரிசோதனைக்குப் பின் படகெலும்பு முறிவை ஐயுற்றால், முதற் படிமமாகவே காந்த ஒத்ததிர்வுப் படிமத்தை எடுப்பது பற்றிக் கருதுமாறு பரிந்துரைத்தது. கருவியின் விலையும் காத்திருப்பும் காரணமாக எல்லா இடங்களிலும் இது இயல்வதில்லை.

வகைப்பாடு

முறிவின் நிலையைப் பொறுத்துச் சிகிச்சை மாறுவதால் பல வகைப்பாடுகள் உருவாயின. அவற்றுள் எர்பர்ட் வகைப்பாடு பரவலாக அறியப்பட்டது.

- அ வகை: நிலையான புதிய முறிவுகள். புடைப்பு முறிவும், இடைப்பகுதியின் முழுமையுறாப் பிளவும் இதில் அடங்கும்.
- ஆ வகை: நிலையற்ற புதிய முறிவுகள். இடைப்பகுதியின் முழு முறிவு, அண்மை முனை முறிவு, பிறையெலும்பைச் சுற்றிய மூட்டு விலகலோடு சேர்ந்த முறிவு ஆகியன இதில் அடங்கும்.
- இ வகை: கூடுவதில் தாமதமுள்ள முறிவுகள்.
- ஈ வகை: கூடாமல் நின்றுவிட்ட முறிவுகள்.

துண்டுகள் 1 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருப்பதும், எலும்பு கோணமாக வளைந்திருப்பதும் நிலையின்மையின் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன.

சிகிச்சை

மாவுக்கட்டு

இடம் விலகாத இடைப்பகுதி முறிவுகளில் பெரும்பாலானவை மாவுக்கட்டிலேயே கூடிவிடுகின்றன. சேய்மை முனை முறிவுக்கு ஏறத்தாழ 6 வாரங்களும், இடைப்பகுதி முறிவுக்கு 8 முதல் 12 வாரங்களும் தேவைப்படும். அண்மை முனை முறிவு கூட இன்னும் நெடுங்காலம் ஆகும்.

கட்டில் பெருவிரலையும் சேர்க்க வேண்டுமா என்பது நெடுநாள் விவாதம். 1991 இல் பிரித்தானியாவில் வெளியான சமவாய்ப்பு ஆய்வு ஒன்று 392 முறிவுகளை எடுத்துக்கொண்டு, பெருவிரலைச் சேர்த்த கட்டையும் சேர்க்காத கட்டையும் ஒப்பிட்டது. ஆறு மாதங்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 292 முறிவுகளில், கூடாமை விகிதம் கட்டின் வகையைச் சார்ந்திருக்கவில்லை. பெருவிரல் விடப்பட்டால் எழுதுவதும் உண்பதும் எளிதாவதால் இம்முடிவு நோயாளிகளுக்கு நடைமுறைப் பயன் உடையது.

அறுவைச் சிகிச்சை

பின்வரும் நிலைகளில் அறுவைச் சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

- துண்டுகள் விலகிய முறிவு
- அண்மை முனை முறிவு
- மூட்டு விலகலோடு கூடிய முறிவு
- மாவுக்கட்டில் கூடாத முறிவு

இதில் மிகுதியாகப் பயன்படுவது தலையில்லாத் திருகாணி ஆகும். சாதாரணத் திருகாணியின் தலை எலும்புக்கு வெளியே துருத்தி நிற்கும். எல்லாப் பக்கமும் மூட்டால் சூழப்பட்ட படகெலும்பில் அது எதிரேயுள்ள குருத்தெலும்பைச் சிதைத்துவிடும். தலையில்லாத் திருகாணி முழுவதுமாக எலும்புக்குள்ளே புதைந்துவிடுகிறது. அதன் இரு முனைகளிலும் புரிகள் உள்ளன. முன்முனையில் புரிகளின் இடைவெளி அதிகம், பின்முனையில் குறைவு. எனவே ஒவ்வொரு சுற்றிலும் முன்முனை தன் துண்டுக்குள் முன்னேறும் தொலைவு, பின்முனை முன்னேறும் தொலைவைவிடக் கூடுதல். இந்த வேறுபாட்டினால் இரு துண்டுகளும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கப்பட்டு இறுகுகின்றன.

பிற்கால வடிவங்கள் நடுவே துளையுடையவை. முதலில் மெல்லிய வழிகாட்டிக் கம்பி ஒன்றை ஊடுகதிர்த் திரையில் பார்த்தபடி எலும்பின் நடு அச்சில் செலுத்தி, அதன்மேல் திருகாணியைச் செலுத்துவர். இதனால் சிறு கீறலின் வழியே அறுவையை முடிக்க இயலும். இடைப்பகுதி முறிவுக்கு உள்ளங்கைப் பக்கமாகவும், அண்மை முனை முறிவுக்குப் புறங்கைப் பக்கமாகவும் நுழைவது பொதுவான வழக்கம்.

கட்டா, அறுவையா?

இடம் அதிகம் விலகாத முறிவுகளுக்கும் உடனே திருகாணி இடுவது, விரைவில் வேலைக்குத் திரும்ப உதவும் என்னும் கருத்தால், பல நாடுகளில் பெருகியது. இது நன்மையா என்பதை அறிய இங்கிலாந்திலும் வேல்சிலும் 31 மருத்துவமனைகளில் சுவிஃப்ட் எனப்பட்ட ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2020 இல் லான்செட் இதழில் வெளிவந்தன. 2 மில்லிமீட்டர் வரை விலகிய இடைப்பகுதி முறிவுடைய 439 பேர் இதில் பங்கேற்றனர். 219 பேர் அறுவைக் குழுவிலும் 220 பேர் மாவுக்கட்டுக் குழுவிலும் சேர்க்கப்பட்டனர். கட்டுக் குழுவில் முறிவு கூடவில்லை என உறுதியானவர்களுக்கு உடனே அறுவை செய்வது திட்டமாக இருந்தது.

ஓராண்டுக்குப் பின், மணிக்கட்டின் வலியையும் செயற்பாட்டையும் அளக்கும் 100 புள்ளி அளவீட்டில் அறுவைக் குழுவின் சராசரி 11.9 ஆகவும் கட்டுக் குழுவின் சராசரி 14.0 ஆகவும் இருந்தன (குறைந்த எண் நல்லது). இவ்வேறுபாடு நோயாளிக்கு உணரத்தக்கது எனக் கொள்ளப்பட்ட 6 புள்ளிகளை எட்டவில்லை. கடுமையாகக் கூடிய சிக்கல்கள் அறுவைக் குழுவில் 31 பேருக்கும் (14%) கட்டுக் குழுவில் 3 பேருக்கும் (1%) ஏற்பட்டன. மாவுக்கட்டு சார்ந்த தொல்லைகளோ கட்டுக் குழுவில் 40 பேருக்கும் (18%) அறுவைக் குழுவில் 5 பேருக்கும் (2%) இருந்தன. இத்தகைய முறிவுகளுக்கு முதலில் மாவுக்கட்டு இட்டு, கூடாதவற்றை உடனே கண்டறிந்து திருகாணியால் பொருத்துவதே தக்கது என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். துண்டுகள் மிகவும் விலகிய முறிவுகளுக்கும் அண்மை முனை முறிவுகளுக்கும் இம்முடிவு பொருந்தாது.

முறிவு கூடாமை

சிகிச்சை பெறாத முறிவு பல மாதங்களுக்குப் பின்னும் கூடாமல் இருக்கலாம். துண்டுகளுக்கு இடையே நார்த்திசு வளர்ந்து பொய்மூட்டு ஒன்று உருவாகும். எலும்பு மெல்ல அரிக்கப்பட்டுக் கூன்போல வளையும். தொடக்க ஆண்டுகளில் வலி குறைவாக இருப்பதால் பலர் இதை அறிவதில்லை. மீண்டும் ஒரு சிறு அடிபடும்போது எடுத்த படத்தில் பழைய முறிவு வெளிப்படுவதும் உண்டு.

கூடாத முறிவு காலப்போக்கில் என்னவாகும் என்பதை 1984, 1985 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளியான இரு ஆய்வுகள் ஆராய்ந்தன. ஆண்டுகள் கூடக் கூட மூட்டழற்சியும் கூடுவதை அவை காட்டின. அழற்சி ஓர் ஒழுங்கில் பரவுகிறது. முதலில் ஆரை எலும்பின் நுனிக்கும் படகெலும்புக்கும் இடையிலும், பின்னர் படகெலும்புக்கும் தலையுரு எலும்புக்கும் இடையிலும், இறுதியில் தலையுரு எலும்புக்கும் பிறையெலும்புக்கும் இடையிலும் மூட்டு தேய்கிறது. ஆரை எலும்புக்கும் பிறையெலும்புக்கும் இடையிலான மூட்டு பெரும்பாலும் தப்பிவிடுகிறது. மீட்பு அறுவைகள் பல இந்த மூட்டை நம்பியே செய்யப்படுகின்றன.

எலும்பு ஒட்டு

மூட்டழற்சி தோன்றாத நிலையில் எலும்பைக் கூட்டுவதே குறிக்கோள். முறிவின் இடையிலுள்ள நார்த்திசுவை அகற்றி, ஆரை எலும்பிலிருந்தோ இடுப்பெலும்பிலிருந்தோ எடுத்த எலும்பை நிரப்பி, திருகாணியால் அல்லது கம்பிகளால் பொருத்துவர். கூன் வளைவு இருந்தால் ஆப்பு வடிவில் செதுக்கிய ஒட்டு, வளைவை நிமிர்த்தப் பயன்படுகிறது.

அண்மை முனை குருதியற்று இருந்தால், குருதிக் குழாயோடு சேர்த்து எடுத்த ஒட்டு பயன்படுத்தப்படுவதுண்டு. ஆரை எலும்பின் புறங்கைப் பக்கத்திலிருந்து இத்தகைய ஒட்டை எடுக்கும் முறையை அர்செண்டினாவைச் சேர்ந்த சைடம்பர்க்கும் அவருடைய குழுவினரும் 1991 இல் வெளியிட்டனர். தொடையெலும்பின் முழங்கால் முனையிலிருந்து ஒட்டை எடுத்து, நுண்ணோக்கியின் உதவியுடன் அதன் குழாய்களை மணிக்கட்டின் குழாய்களோடு தைக்கும் முறையும் உள்ளது.

மீட்பு அறுவைகள்

மூட்டு தேய்ந்த பின்னர் படகெலும்பைக் கூட்டுவதால் பயன் இல்லை. அந்நிலையில் வலியைக் குறைத்து, இயன்ற அளவு அசைவைக் காப்பதே நோக்கம்.

- ஆரை எலும்பின் தேய்ந்த நுனியை வெட்டுதல்
- அண்மை வரிசையின் படகெலும்பு, பிறையெலும்பு, முப்பட்டை எலும்பு ஆகிய மூன்றையும் அகற்றுதல்
- படகெலும்பை அகற்றி, பிறையெலும்பு, முப்பட்டை எலும்பு, தலையுரு எலும்பு, கொக்கி எலும்பு ஆகிய நான்கையும் ஒன்றாக இணைத்தல்
- மணிக்கட்டு முழுவதையும் அசைவற்ற ஒரே எலும்பாக இணைத்தல்
- வலி உணர்த்தும் நரம்புக் கிளைகளைத் துண்டித்தல்

முன்னர் சிலிக்கோனால் ஆன செயற்கைப் படகெலும்பும் பொருத்தப்பட்டது. தேய்ந்த சிலிக்கோன் துகள்கள் மூட்டில் அழற்சியை உண்டாக்கியதால் அம்முறை கைவிடப்பட்டது.

வரலாறு

செருமனியின் வூர்சுபர்க் நகரில் வில்லெம் ரோண்ட்கன் 1895 நவம்பரில் எக்சு-கதிர்களைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு திசம்பர் 22 அன்று அவர் எடுத்த புகழ்பெற்ற படம் அவருடைய மனைவியின் கை ஆகும். ஆகவே கை எலும்புகள் மருத்துவப் படிமத்தின் தொடக்கத்திலேயே இடம் பெற்றன. பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த எட்டியன் டெசுட்டோ, மணிக்கட்டுக் காயங்களை ஊடுகதிர்ப் படங்களால் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். 1910 இல் வியன்னாவின் ராபர்ட் கீன்போக் பிறையெலும்பின் நசிவையும், அதே ஆண்டில் செருமனியின் கியார்க் பிரைசர் படகெலும்பின் நசிவையும் விவரித்தனர்.

வியன்னாவில் விபத்து மருத்துவமனையை நடத்திய லொரன்சு போலர், நெடுநாள் அசையாமல் வைக்கும் மாவுக்கட்டு முறையை வலியுறுத்தினார். அவரும் உடன் பணியாற்றியோரும் 734 புதிய முறிவுகளின் சிகிச்சை முடிவுகளை 1954 இல் வெளியிட்டனர். எலும்பு ஒட்டு முறையைச் சுவிட்சர்லாந்தின் எர்மன் மட்டி 1937 இல் விவரித்தார். ஆசுத்திரியாவின் ஓட்டோ ரூசு 1960 இல் அதை மாற்றியமைத்தார். இது இன்றும் மட்டி-ரூசு ஒட்டு எனப்படுகிறது. 1954 இல் அமெரிக்காவின் மக்லாலின் திருகாணியால் பொருத்தும் முறையை வெளியிட்டார். எனினும் ஆத்திரேலியாவின் திமொத்தி எர்பர்ட், வில்லியம் பிசர் ஆகியோர் 1984 இல் தலையில்லாத் திருகாணியை அறிமுகப்படுத்திய பின்னரே அறுவைச் சிகிச்சை பரவலானது.

அண்மைக்கால ஆய்வுகள்

ஊடுகதிர்ப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத முறிவைக் கணினியால் கண்டறிய இயலுமா என்பது 2020க்குப் பின் விரிவாக ஆராயப்படுகிறது. நெதர்லாந்தில் உருவாக்கப்பட்டு 2021 இல் வெளியான ஆழ்கற்றல் நிரல் ஒன்று, 11 கதிரியல் மருத்துவர்களின் திறனோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், மருத்துவர்களின் பார்வைக்குத் தப்பிய 22 முறிவுகளில் 20 முறிவுகளை நிரல் அடையாளம் கண்டது. இத்தகைய நிரல்கள் பயிற்றுவிக்கப்பட்ட படங்களிலிருந்து வேறுபட்ட கருவிகளிலும் மக்களிடையேயும் அதே அளவு சரியாக இயங்குமா என்பது ஒவ்வோர் இடத்திலும் சோதிக்கப்பட வேண்டியது.

அசையும் மணிக்கட்டைத் தொடர் வெட்டுப்படங்களாகப் பதியும் நான்கு பரிமாணப் படிமம் மற்றொரு துறை ஆகும். முறிந்த அல்லது வளைந்து கூடிய படகெலும்பு பிற எலும்புகளின் அசைவை எவ்வாறு மாற்றுகிறது என்பதை இதன்மூலம் உயிருள்ளவரிடமே காண இயலும்.

முடிவில், இம்முறிவின் விளைவைத் தீர்மானிப்பதில் காலத்துக்கு முக்கிய இடம் உண்டு. புதிய முறிவு பெரும்பாலும் ஒரு மாவுக்கட்டோடு முடிந்துவிடுகிறது. பழைய முறிவு எலும்பு ஒட்டையும், மிகப் பழைய முறிவு மூட்டின் ஒரு பகுதியையே இழப்பதையும் வேண்டுகிறது. கை ஊன்றி விழுந்தபின் பெருவிரலின் அடிப்பள்ளத்தில் வலி இருப்பின், முதற் படம் இயல்பாகத் தோன்றினும், முறிவு இல்லை என உறுதியாகும் வரை அதை முறிவாகக் கருதியே நடத்துதல் வேண்டும் என்பது மருத்துவ நடைமுறையில் ஏற்கப்பட்ட விதியாகும்.

இவற்றையும் பார்க்க

- மணிக்கட்டு
- ஆரை எலும்பு
- எலும்பு முறிவு
- கீன்போக் நோய்
- காந்த ஒத்ததிர்வுப் படிமம்